என் ஒரே மகள் இரண்டு பேராக நின்ற படம்

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிர் வரிசையில் ஒரு சீனர் படக்கடை வைத்திருந்தார். ரப்பர் தோட்டம் கைமாறி, நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்த பிறகு, அந்த ஊரில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடி வந்தோம். அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஐ.சி. அடையாள அட்டைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பாஸ்போர்ட்டுக்கு என்று எந்தப் படம் வேண்டுமானாலும் ஊரில் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். நாங்கள் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்போம். கடைக்கு முன்னால் கண்ணாடிக்குள் கல்யாண ஜோடிகளின் படங்கள் இருக்கும். உள்ளே, உடுப்பு மாற்றும் திரைக்குப் பக்கத்துச் சுவரில், தம் ஆசைக்கு எடுத்த படங்களை மாட்டி வைத்திருந்தார்.

அவை வேறு மாதிரிப் படங்கள். ஒன்றில் ஒரு மனிதன் தன் தலையைத் தானே தட்டில் ஏந்திக்கொண்டு நிற்பான். ஒன்றில் பெண்டாட்டி புருஷனின் உள்ளங்கையில் நிற்பாள், விரல் நீளம்தான் இருப்பாள். இன்னொன்றில் ஒரு சீனக் கிழவர் தன்னோடு தானே உட்கார்ந்து தாம் என்ற கட்டக் காய் ஆட்டம் விளையாடுவார். ஒரு முகம் ஜெயித்த முகம், எதிரே உட்கார்ந்திருப்பது தோற்ற முகம். இரண்டும் அதே கிழவர்.

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தோம். அவள் மலாக்கா பக்கம் ஒரு மின்னியல் பெக்டரியில் வேலை செய்தாள். காலையில் பெக்டரி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வந்த இடங்களில் சிலதை நாங்கள் வேண்டாம் என்றோம், சிலது எங்களை வேண்டாம் என்றது. பெண்ணின் படம் எல்லாரும் கேட்டார்கள். அதனால் அவளுக்குச் சேலை கட்டி, பூ வைத்து, படக்கடைக்கு அழைத்துப் போனேன். தவுக்கே அவளை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தார். அவள் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள். எடுத்து முடிந்ததும் கிளம்பாமல் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, இதுல ஒன்னு எடுத்துக்கலாமா?"

"எதுல?"

"தலையத் தட்டுல வைக்கிறது."

"கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்த பொண்ணு தலையக் கையில எடுத்துக்கிட்டா வீட்டுக்குப் போகும்? பேசாம வாடி."

தவுக்கே பாதி தமிழும் பாதி மலாயுமாகப் பேசுவார். அவர் குறுக்கே வந்தார். "அக்கா, தலை வேணாம். ரெண்டு ஆள் செய்வோம். ஒரு பொண்ணு ஜாடி துவா, ரெண்டாயிரும். இந்தப் பொண்ணு உக்காரும், இந்தப் பொண்ணே தண்ணி குடுக்கும். என்கிட்ட யாரும் கேக்கல அக்கா. எல்லாருக்கும் பயம். பாவம் என் கேமரா, எப்ப பாத்தாலும் பாஸ்போர்ட் மூஞ்சி மட்டும் பாக்குது."

அவர் சொன்ன விதத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றேன்.

தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. கேமராவின் கண்ணில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்தார். மகள் சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரித்தாள். எடுத்தார். பிறகு அவள் திரைக்குப் பின்னால் போய், வீடு திரும்பும்போது மாற்றிக்கொள்ள எடுத்து வந்திருந்த, பெக்டரிக்குப் போட்டுப் போகும் பஞ்சாபி சூட்டுக்கு மாறினாள். கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டாள். தவுக்கே கேமராவைத் தொடக்கூட விடவில்லை. பிலிமை நகர்த்தாமல், அட்டையை மட்டும் ஏற்கெனவே எடுத்த பாதிக்கு மாற்றினார். இப்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, காலி நாற்காலியைப் பார்த்து ஒரு கோப்பையை நீட்ட வேண்டும். கோட்டைத் தாண்டினால் கை பாதியில் காணாமல் போய்விடும் என்று பயங்காட்டினார். அவள் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தபடி கோப்பையை நீட்டினாள். கழுவி வந்த படத்தில், சேலை கட்டிய அக்காளுக்கு பஞ்சாபி சூட் போட்ட தங்கச்சி தண்ணி கொடுப்பது போலவே இருந்தது. நடுவில் ஒட்டுப்போட்ட தடம் எதுவும் தெரியவில்லை. எனக்கு அந்தப் படத்தின் மேல் பெருமைதான்.

ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் முன்பு வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டலாக இருந்த ஒருவர், வேலை ஓய்ந்த பிறகு பெண், மாப்பிள்ளை பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்டல் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நியாலாஸில் ஒரு நல்ல பையன் இருக்கிறான், எண்ணெய் ஆலையில் மெஷின் பார்க்கிறான், அப்பா இல்லை, அம்மா மட்டும்தான் என்று சேதி கொண்டு வந்தார். படம் கேட்டார். நான் கடை உறையை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, குடிக்கக் காப்பித் தண்ணி கலக்கப் போனேன். அவருக்கு அப்போது கண்ணில் புரை. விறைப்பாக இருந்த படத்தை ஒதுக்கிவிட்டு, சிரிக்கிற படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட நிற்பது யாரோ பெக்டரிச் சிநேகிதி என்று நினைத்தாராம். நான் திரும்பி வந்து எதை எடுத்தார் என்று பார்க்கவில்லை.

நியாலாஸில் பையனின் அம்மாவிடம் அதைக் கொடுத்து, "ஒரே பொண்ணு, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி யாரும் கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா படத்தைப் பார்த்தார். ஒரே முகத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. பெண் பார்க்க வருகிறோம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பையன் தனியாகத் தண்டல் அண்ணனிடம், கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெண்ணுக்கு வேலைக்குப் போக இஷ்டமா என்று கேட்டு வரச் சொன்னானாம். அதுவரை என் மகளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாக அவள், "சரிம்மா, வரச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அம்மா, பையன், தண்டல் அண்ணன். அந்த அம்மா என்னைவிடச் சில வயது இளையவர். முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்தார். மகள் தண்ணியும் பலகாரமும் கொண்டு வந்து வைத்தாள். பையன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்படி வாசலைப் பார்த்தார்.

"இன்னொரு பொண்ணு எங்கங்க?"

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

கைப்பையிலிருந்து படத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். பார்த்ததும் என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "ரெண்டும் இவதாங்க. படக்கடைக்காரன் பண்ணுன வேல" என்றார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "நானும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவதாங்க. கண்ணு தெரியாம வெட்டுனதில்ல. உக்காந்திருக்கிற பொண்ணு சேல கட்டியிருக்கு, கொண்ட போட்டிருக்கு. நிக்கிற பொண்ணு பஞ்சாபி சூட்டு, பின்னலு. ரெண்டும் ஒன்ன ஒன்னு பாத்துச் சிரிக்குது. ஒரு ஆளு எப்படிங்க தன்னையே பாத்துச் சிரிக்கும்?"

"அம்மா, இது ட்ரிக்குலா. கேமராவுல செய்யலாம்" என்றான் பையன்.

"நீ சும்மா இருய்யா. ஒனக்குப் பொண்ணப் புடிச்சிருச்சு. இப்ப நீ எதச் சொன்னாலும் நம்புவ."

தண்டல் அண்ணன் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தூரத்தில் வைத்து, மறுபடியும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆமா, ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொல்லி இன்னும் கெடுத்தார்.

நான் கடையில் நடந்ததைச் சொன்னேன். கோடு போட்டது, அட்டை வைத்து மறைத்தது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது பொய் போலத்தான் எனக்கே கேட்டது. அந்த அம்மா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து நேராகச் சொன்னார்.

"ரெட்டப் புள்ளயா இருந்தா ரெட்டன்னு சொல்லுங்க. ஒன்னு எவன் கூடயாவது போயிருந்தா போயிருச்சுன்னு சொல்லுங்க. ஒடம்புக்கு முடியாத புள்ளயா இருந்தா அதையும் சொல்லுங்க. நான் மனுசி, கேட்டுக்குவேன். மறைக்கிற வீட்ல மட்டும் பொண்ணு எடுக்க மாட்டேன்."

யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? அந்த ஊருக்கு நாங்கள் புதுசு. அக்கம்பக்கம் எங்களை அறியாது. தோட்டத்தில் கூட இருந்தவர்கள் டுரியான் துங்கால் பக்கம் பாதி, சிரம்பான் பக்கம் பாதி என்று சிதறிப் போயிருந்தார்கள். இல்லாத ஒரு பெண்ணை இல்லை என்று எப்படிக் காட்டுவது?

அந்த அம்மாவே அதற்கு வழி சொன்னார். "வர்ற வெள்ளிக்கெழம கோயில்ல நானே சூடம் ஏத்துறேன். ஒரு பொண்ணத்தான் பெத்தேன்னு சொல்லி, கையால அணைச்சிருங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

எங்கள் ஜனங்களுக்குள் அது கடைசி வார்த்தை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தோட்டத்தில் கோழி காணாமல் போனதற்கும் அணைத்திருக்கிறார்கள், சீட்டுப் பணத்துக்கும் அணைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர், "அதுக்கென்னங்க, தாராளமா" என்று சொல்ல வாயெடுத்தார்.

"நான் அணைக்க மாட்டேன்" என்றேன்.

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். பையன் வாசலில் செருப்பு மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். பலகாரம் தட்டில் அப்படியே இருந்தது.

நான் ஏன் மாட்டேன் என்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தது. லயத்தில்தான் பிறந்தது. தவழத் தொடங்குவதற்குள் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அப்புறம் பல வருஷம் கழித்துத்தான் இவள். ஆக நான் பெற்றது இரண்டு பெண். ஒரு பெண்ணைத்தான் பெற்றேன் என்று எரிகிற நெருப்பின் மேல் கை வைத்தால், அது பொய்ச் சத்தியம். பொய்ச் சத்தியம் என்பது ஒரு பக்கம். அந்தப் பிள்ளையைப் பிறக்கவே இல்லை என்று அம்மன் முன்னால் சொல்ல என் வாய்க்கு வராது.

என் வீட்டுக்காரர் சொன்னார், "உசுரோட இருக்கிறது ஒரு பொண்ணுன்னு மாத்திச் சொல்லேன். அது உண்மதான?"

"மாத்திச் சொன்னா, செத்தது எத்தினின்னு கேப்பாங்க. என்னா சீக்கு, இவளுக்கும் வருமா, எந்த ஆஸ்பத்திரின்னு கேப்பாங்க. எம் புள்ளயக் கொண்டாந்து சந்தையில வைக்கச் சொல்றீங்களா?"

"அப்ப இந்த இடம் வேணாமா?"

"வேணாம்."

நான் சொல்லிவிட்டேன். ஆனால் மகள் அங்கேயே உட்கார்ந்து சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அக்காள் இருந்ததும் போனதும் தெரியும். மடித்து முடித்த சேலையை உதறிவிட்டு மறுபடி மடித்தாள்.

"அவரு நல்ல மாதிரியாத்தாம்மா தெரியுது" என்றாள்.

"அவன் நல்லவன்தான். அவங்கம்மா?"

"அவங்க கண்ணால பாத்தத நம்புறாங்க. அவ்வளவுதான். கடைக்கு வரச் சொல்லுங்கம்மா. அவங்களையே ரெண்டா எடுக்கச் சொல்லுவோம்."

நான் முடியாது என்றேன். கெஞ்சுவது போலாகும் என்றேன். "கெஞ்சலம்மா. படம் எடுக்கக் கூப்பிடுறோம்" என்றாள். அவளே தண்டல் அண்ணனிடம் சொல்லி அனுப்பினாள். வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் பையன் ஒரு பழைய காரில் அம்மாவை அழைத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றான். மாற்றுச் சேலை ஒன்று கொண்டு வரச் சொல்லியிருந்தோம். அந்த அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். என்னிடம், "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தவுக்கேயிடம் மகள் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, என் படம் கல்யாணம் கெடுத்துச்சா? இன்னிக்கி நல்லா செய்வோம்லா."

அந்த அம்மா எதையும் விடவில்லை. கேமராவைச் சுற்றி வந்து பார்த்தார். கறுப்பு அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். திரையை விலக்கி உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முட்டியில் இரண்டு கையையும் வைத்து, திட்டு வாங்கக் காத்திருப்பவர் போலக் குனிந்திருந்தார். தவுக்கே, "ஜாங்கான் கெராக், ஜாங்கான் கெராக்" என்றார். அசையக் கூடாது என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கல் மாதிரி இருந்தார்.

சேலை மாற்றி வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"இப்ப என்னா செய்யணும்?"

"ஏதாச்சும் செய்யுங்க அக்கா. சும்மா நின்னா நல்லா இருக்காது. நாக்காலில இன்னொரு நீங்க இருக்கு. அதுகிட்ட பேசுங்க."

"காலி நாக்காலிகிட்ட என்னாய்யா பேசுறது?"

"ஏசுங்க ஆன்ட்டி" என்றாள் என் மகள். "அங்க நீங்கதான் உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு உங்க மேல கோவம்னு வச்சிக்குங்க."

பையன் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தான். அந்த அம்மா காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். "ஒனக்குத் தேவையா இது? வேல வெட்டி இல்லாம, பெட்ரோல் போட்டுக்கிட்டு இம்புட்டு தூரம் வந்து, ஊரான் கடையில நின்னு தனியாப் பேசுறியே, வெக்கமா இல்ல ஒனக்கு?" குரல் நிஜமான ஏச்சுக் குரல். அந்த நேரம் பார்த்துத் தவுக்கே எடுத்துவிட்டார். எடுத்தது தெரியாமல் அந்த அம்மா இன்னும் கொஞ்சம் ஏசிக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அப்போது கொஞ்சம் இளகியது என்பது உண்மை.

படம் கழுவ ஒரு வாரம் ஆகும் என்றார். அந்த வாரம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகள் வேலைக்குப் போனாள், வந்தாள். சாப்பாட்டிலிருந்து மட்டும் பாதியில் எழுந்துவிடுவாள்.

மறு வாரம் எல்லாரும் கடையில் கூடினோம், தண்டல் அண்ணனும் வந்தார். தவுக்கே படத்தை உறையிலிருந்து எடுத்து அந்த அம்மாவிடம்தான் முதலில் கொடுத்தார். குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவை, அதே முகத்தில் இன்னொரு அம்மா விரல் நீட்டி ஏசுகிறார். பையன் எட்டிப் பார்த்து, "அம்மா, வீட்ல என்னைய ஏசுற மாதிரியே இருக்கு" என்றான்.

அந்த அம்மா நகத்தால் படத்தின் நடுவை மெல்லச் சுரண்டிப் பார்த்தார். ஒட்டு இல்லை. "இப்படியும் ஒன்னு இருக்கு" என்றார். தவுக்கேயிடம் இன்னொரு காப்பி போட்டுத் தரச் சொன்னார். என்னிடம் மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. "உங்க வீட்ல போயி பசியாறிட்டுப் போறோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்டார். "பொண்ணக் குடுப்பீங்களா?"

"அவளக் கேக்கணும்" என்று சொல்லி அடுப்படிக்குப் போனேன். மகள் தோசைக் கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னேன், "சூடம் கேட்ட வீடுடி. நாளைக்கு உப்புக் கொறைஞ்சாலும் சூடம் ஏத்துவாங்க. யோசிச்சுக்க."

"சந்தேகம் வந்துச்சு, மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. பொறத்தால போயிப் பேசல. அப்புறம் வந்து எல்லாரு முன்னாலயும் காலி நாக்காலிய ஏசுனாங்க. அவங்க கூட நான் குடும்பம் நடத்துவேம்மா."

அவள் வாழப்போகிற வீடு.

கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். சம்மதம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். படம் சாட்சி சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் படம் சொன்னது பாதிதான். மறைக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று அந்த அம்மா சொன்னது என் காதில் இருந்தது. யாராவது கேட்டுச் சொன்னால் அது விசாரணை. நானாகச் சொன்னால் அது என் பிள்ளையைப் பற்றி நான் பேசுவது.

"எம் பொண்ணுக்குச் சம்மதம். அதுக்கு முன்ன நான் ஒன்னு சொல்லணும். எனக்கு இவளுக்கு மூத்ததா ஒரு பொண்ணு பொறந்துச்சு. கைப்புள்ளயிலயே காய்ச்சல்ல போயிருச்சு. அந்தப் படத்துல இருக்கிறது அது இல்ல. ஆனா நான் பெத்தது ரெண்டு. இதக் கேட்டுட்டு வேணாம்னா இப்பவே சொல்லிருங்க."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். தண்டல் அண்ணன் பாவம், எல்லாம் முடிந்துபோனது என்று நினைத்திருப்பார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அடுப்படியில் தோசைக் கல்லின் சத்தம் நின்றிருந்தது.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கிச் சூடம் அணைக்க மாட்டேன்னது இதுக்குத்தானா?"

"ஆமாங்க."

என்ன சீக்கு என்று கேட்பார், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அதுக்கு என்னா பேரு வச்சீங்க?" என்றார்.

பிள்ளை போனபோது லயத்தில் எல்லாரும் வந்தார்கள், அழுதார்கள், அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றார்கள். அப்புறம் யாரும் அதன் பேரை வாயில் எடுக்கவில்லை. எடுத்தால் எனக்கு வலிக்கும் என்று நினைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரரும் எடுத்ததில்லை. அந்த அம்மாவுக்கு அதைச் சொன்னேன்.

அந்த அம்மா அந்தப் பேரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "நல்ல பேரு" என்றார். அப்புறம் தண்டல் அண்ணன் பக்கம் திரும்பி, தட்டு மாற்ற எந்த வெள்ளிக்கிழமை தோதுப்படும் என்று கேட்டார்.